ஷட்டவுன் நேரத்தில் சாதனத்தின் மின்சாரத்தை யார் நிறுத்துவது? லினக்ஸ் டிரைவர் எழுதுபவருக்கு முன்னால் உள்ள வழிகள்

லினக்ஸில் ஒரு சாதனத்துக்கு டிரைவர், அதாவது இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கும் சாதனத்துக்கும் நடுவே நிற்கும் நிரல், எழுதுகிறீர்கள். சாதனத்தைத் தொடங்கும் ப்ரோப், விடுவிக்கும் ரிமூவ், உறங்கவைக்கும் சஸ்பெண்ட், எழுப்பும் ரெஸ்யூம் நான்கும் எழுதி முடித்தாயிற்று. கடைசியில் ஷட்டவுன் என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது. பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். சிலர் ரிமூவ் ஃபங்ஷனையே அங்கேயும் ஒட்டிவிடுகிறார்கள். கெர்னல் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும், கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடத் தராது. விளைவு பிறகுதான் தெரியும். அணைத்துவைத்த லேப்டாப்பின் பேட்டரி சில நாளில் காலியாகியிருக்கும். பவர் ஆஃப் கொடுத்த இயந்திரம் தானாக மறுபடி எழுந்துகொள்ளும். அல்லது ரீபூட் பாதியில் உறைந்து நிற்கும்.

அந்தக் காலியிடத்தில் என்னென்ன எழுதலாம், எது எந்த இயந்திரத்துக்குப் பொருந்தும் என்று பார்க்கலாம். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷட்டவுனில் டிரைவரின் முதல் கடமை சாதனத்தை அமைதியாக்குவது. மின்சாரத்தைக் குறைப்பது இரண்டாவது கடமை. அதையும் செய்யத்தான் வேண்டும், ஆனால் இயந்திரம் உண்மையிலேயே அணையப்போகிறது என்று தெரிந்த பிறகு மட்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் பெரும்பாலான தொல்லைகள் பிறக்கின்றன.

அணைத்த பிறகும் ஓடும் மின்சாரம்

கணினியின் மின்நிலைகளை வரையறுக்கும் ஏசிபிஐ விதிப்படி, நாம் ‘அணைந்துவிட்டது’ என்று சொல்லும் நிலைக்கு எஸ்5 என்று பெயர். பிளக்கைப் பிடுங்கிவிட்ட நிலை வேறு, அது ஜி3. எஸ்5-இல் மின்சாரம் முழுதாக நிற்பதில்லை. டெஸ்க்டாப்பில் ஏடிஎக்ஸ் பவர் சப்ளை 5 வோல்ட் ஸ்டாண்ட்பை வரியை, அதாவது அணைந்தபோதும் உயிரோடு இருக்கும் மின்கம்பியை, விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கும். பவர் பட்டனை அழுத்தியதை உணரவும், நெட்வொர்க் வழியாக எழுப்பவும், யுஎஸ்பி-யில் போனை சார்ஜ் செய்யவும் அது வேண்டும். லேப்டாப்பில் இதே வேலைகளைப் பேட்டரியிலிருந்து சில தனி மின்வரிகள் செய்கின்றன.

இந்தக் கசிவைச் சட்டமும் கவனிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1275/2008 என்ற ஒழுங்குமுறை, வீட்டு, அலுவலகச் சாதனங்கள் அணைந்த நிலையில் எடுக்கும் மின்சாரத்துக்கு 2013 முதல் 0.5 வாட் என்று உச்சவரம்பு வைத்தது. பயாஸில் பலரும் பார்த்திருக்கும் ‘எர்ப்’ என்ற அமைப்பு இந்தத் தொடர்பில் வந்ததுதான்.

அரை வாட் சின்ன அளவாகத் தோன்றலாம். 50 வாட்-மணி பேட்டரி உள்ள லேப்டாப்பில் அரை வாட் கசிந்தால் 100 மணி நேரத்தில், அதாவது நான்கு நாளில், பேட்டரி தீர்ந்துவிடும். ஒரு வாட் என்றால் இரண்டே நாள். முழுதாக சார்ஜ் செய்து, ஷட்டவுன் செய்து, வெளியூர் கிளம்பும் ஒருவருக்கு இது நியாயமே இல்லாத இழப்பு. அவர் செய்ய வேண்டியது எல்லாவற்றையும் சரியாகச் செய்திருக்கிறார்.

எஸ்5-க்குப் போகும்போது பெரும்பாலான மின்வரிகளை ஃபர்ம்வேரும் (பயாஸ் போல போர்டிலேயே இருக்கும் நிரல்) மதர்போர்டும் வெட்டிவிடும். அந்த வரிகளில் உள்ள சாதனங்களைப் பற்றிக் கவலை இல்லை. ஸ்டாண்ட்பை வரியில் தொங்கும் சாதனங்கள்தான் கேள்வி. அவற்றை டிரைவர் எந்த நிலையில் விட்டுச் சென்றதோ, அந்த நிலையிலேயே இருக்கும். பிசிஐ (கணினிக்குள் சாதனங்களை இணைக்கும் பொதுவழி) சாதனம் டி0 முதல் டி3 வரை நிலைகளில் இருக்கலாம். டி0 முழு விழிப்பு, டி3 ஆழ்ந்த உறக்கம். டி0-இல் விட்டுச் சென்றால் அது விழித்துக்கொண்டே பேட்டரியைத் தின்னும்.

இங்கே லினக்ஸில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. ஷட்டவுன் தொடங்கியதும் கெர்னல், சாதனங்கள் பதிவான வரிசையைத் தலைகீழாகப் பிடித்து ஒவ்வொன்றின் ஷட்டவுன் ஃபங்ஷனையும் கூப்பிடுகிறது. பிசிஐ சாதனமாக இருந்தால், கூப்பிடுவதற்கு முன்னால் அதை எழுப்பிவிடுகிறது. பயன்படாமல் ரன்டைம் சஸ்பெண்டில் (இயந்திரம் ஓடும்போதே ஒரு சாதனத்தை மட்டும் உறங்கவைப்பது) நிம்மதியாக டி3-இல் உறங்கிய சாதனமும் டி0-க்கு வந்துவிடும். காரணம் நியாயமானதுதான்: ஷட்டவுன் ஃபங்ஷன் சாதனத்தின் கட்டுப்பாட்டு இடங்களான ரெஜிஸ்டர்களைத் தொடும், உறங்கும் சாதனத்தின் ரெஜிஸ்டரைத் தொட்டால் குப்பை மதிப்பு வரும், சில இயந்திரங்கள் உறைந்தே போகும். ஆனால் எழுப்பிய பிறகு மறுபடி உறங்கவைக்கும் பொறுப்பு டிரைவர் தலையில் விழுகிறது. டிரைவரில் ஷட்டவுன் ஃபங்ஷனே இல்லை என்றால், அணைப்பதற்காக எழுப்பப்பட்ட சாதனம் விழித்தபடியே எஸ்5-க்குள் போகிறது.

காலியாக விடுவது

இந்த வழியை ஒரேயடியாகத் தவறு என்று சொல்ல மாட்டேன். சாதனம் டிஎம்ஏ (ப்ராசஸர் துணையின்றித் தானே நினைவகத்தைப் படிப்பது, எழுதுவது) செய்யாது, அதில் எழுதப்படாத தரவு எதுவும் தேங்கியிருக்காது, அது இருக்கும் மின்வரி அணைக்கும்போது வெட்டப்படும், எழுப்பும் வேலையும் அதற்கு இல்லை என்றால் காலியாக விடலாம். ஒரு வெப்பமானி, ஒரு எல்இடி கட்டுப்படுத்தி, ஒரு சின்ன ஈப்ராம் சிப் போன்றவை. தேவையில்லாத ஷட்டவுன் ஃபங்ஷன் எழுதினால் அதுவும் ஒரு நாள் தவறு செய்ய ஓர் இடம்.

டிஎம்ஏ இருந்தால் கதை மாறும். கெக்செக் என்ற வசதியில், பழைய கெர்னல் ஃபர்ம்வேருக்குப் போகாமல் நேரடியாகப் புதிய கெர்னலுக்குத் தாவுகிறது. சர்வர்களில் ரீபூட் நேரத்தைக் குறைக்க இதை நிறையப் பயன்படுத்துகிறார்கள். அப்போது மின்சாரம் ஒரு கணம்கூட நிற்பதில்லை. நிறுத்தாமல் விட்ட நெட்வொர்க் சிப், பழைய கெர்னல் கொடுத்த முகவரியில் வரும் பாக்கெட்டை எழுதிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் இப்போது புதிய கெர்னலின் நினைவகம் இருக்கிறது. எங்கே உடையும், எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாத வகைப் பிழை இது.

பிசிஐ-யில் இதற்கு ஒரு பொதுப் பாதுகாப்பு உண்டு. பஸ் மாஸ்டர் என்ற பிட்டை அழித்துவிட்டால் சாதனம் நினைவகத்தில் எழுத முடியாது. ஒரு காலத்தில் எல்லா ஷட்டவுனிலும் கெர்னல் இந்த பிட்டை அழித்தது. அதனால் சில இயந்திரங்கள் பவர் ஆஃப் ஆகாமல் தவித்தன. 2013-இல் இதைக் கெக்செக் நேரத்துக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். நல்ல எண்ணத்தோடு பொதுவாகச் செய்த ஒரு சின்ன வேலையே சில வன்பொருள்களுக்குப் பொருந்தாமல் போனது. கீழே வரப்போகும் இன்னொரு வழியை எடைபோடும்போது இது நினைவில் இருக்கட்டும்.

எஸ்ஓசி-க்குள் (கணினியின் பல பகுதிகள் அடங்கிய ஒரே சிப்) இருக்கும் பிளாட்ஃபார்ம் சாதனங்களுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. அங்கே டிஎம்ஏ-வை நிறுத்துவது முழுக்க உங்கள் பொறுப்பு.

ரிமூவையே கூப்பிடுவது

கவர்ச்சியான வழி. ரிமூவ் எல்லாவற்றையும் நிறுத்திவிடும், அதுதானே வேண்டும் என்று தோன்றும். ஆனால் ரிமூவ் என்பது வாடகை வீட்டைக் காலி செய்வது. ஷட்டவுன் என்பது ஊருக்குப் போகும்போது கேஸை மூடிக் கதவைப் பூட்டுவது. முதல் வேலையில் பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் கட்டி, யார் யாரிடம் கணக்கு பாக்கியோ தீர்த்து, சாவியைத் திருப்பித் தர வேண்டும். ரயிலுக்கு நேரமான நிலையில் அதைத் தொடங்கினால் போய்ச் சேர முடியாது.

நிஜத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ராஸ்பெர்ரி பை 4-இல் உள்ள ஈதர்நெட்டுக்கான டிரைவர், கெக்செக் சமயத்தில் டிஎம்ஏ ஓடாமலிருக்க, ஷட்டவுனிலும் ரிமூவ் பாதையையே பிடித்தது. தனியாக இருந்தவரை பிரச்சினை இல்லை. அதே ஈதர்நெட்டின் பின்னால் டிஎஸ்ஏ (லினக்ஸ் ஸ்விட்ச் சிப்புகளைக் கையாளும் வழி) முறையில் ஒரு ஸ்விட்ச் சிப்பை இணைத்தபோது சிக்கியது. ஸ்விட்ச் அந்த நெட்வொர்க் இடைமுகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. ரிமூவ் பாதையோ, பிடித்திருப்பவர்கள் எல்லோரும் விடும்வரை காத்திருப்பது. விடச் சொல்ல யாரும் இல்லை. இடைமுகம் விடுபடக் காத்திருப்பதாகக் கெர்னல் திரும்பத் திரும்ப அச்சிட, ரீபூட் நடக்கவே இல்லை. 2021 செப்டம்பரில் டிஎஸ்ஏ பக்கம் தனியாக ஒரு ஷட்டவுன் பாதை எழுதித்தான் இதைத் தீர்த்தார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எஸ்பிஐ போன்ற பஸ்ஸின் (சிப்புகளை இணைக்கும் பாதையின்) கட்டுப்படுத்தி தன் ஷட்டவுனில் ரிமூவைக் கூப்பிட்டால், அதன் கீழ் உள்ள பிள்ளைச் சாதனங்கள் எல்லாம் நீக்கப்படும். அந்தப் பிள்ளைகளுக்கு ஷட்டவுன் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். ஆக, ஒரே டிரைவருக்கு முதலில் ஷட்டவுன், அப்புறம் ரிமூவ் என்று இரண்டும் வரும். விடுவித்த நினைவகத்தை மறுபடி விடுவிக்கப் போய் அங்கே கெர்னல் விழும். இதைத் தடுக்க, ஷட்டவுன் முடிந்ததும் சாதனத்தோடு ஒட்டிய தனித்தரவுச் சுட்டியை வெறுமையாக்கிவிட்டு, ரிமூவின் தொடக்கத்தில் அதைச் சோதிப்பது டிஎஸ்ஏ டிரைவர்களில் வழக்கமாகிவிட்டது. நீங்கள் எழுதும் டிரைவர் எந்த பஸ்ஸின் கீழ் வரும் என்று உங்களால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் இந்தக் காப்பை வைத்துவிடுவது நல்லது.

ரிமூவைக் கூப்பிடும் வழியை நான் எந்த இயந்திரத்துக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

சஸ்பெண்டைக் கூப்பிடுவது

இது ரிமூவைவிட எவ்வளவோ மேல். சஸ்பெண்ட் பாதை தினமும் ஓடிச் சோதிக்கப்பட்டது. அது எதையும் விடுவிக்காது, காத்திருக்காது, சாதனத்தை நிறுத்தி உறங்கவைக்கும். அவசரத்தில் ஒரு வழி வேண்டும் என்றால் இதை எடுக்கலாம்.

குறை எங்கே என்றால், சஸ்பெண்டுக்குப் பிறகு சாதனத்தை எழுப்பப்போவது இதே டிரைவர். ஷட்டவுனுக்குப் பிறகு எழுப்பப்போவது வேறு ஒருவர்: ஃபர்ம்வேர், கெர்னலை ஏற்றும் பூட்லோடர், சிப்புக்குள்ளேயே எழுதப்பட்ட தொடக்க நிரலான பூட்ராம். அவர்களுக்கு உங்கள் டிரைவர் சாதனத்தை எங்கே விட்டது என்று தெரியாது. ஷட்டவுன் ஃபங்ஷன் பவர் ஆஃபுக்கு மட்டுமல்ல, ரீபூட்டுக்கும் கூப்பிடப்படுகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எஸ்பிஐ ஃப்ளாஷ் சிப் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 16 மெகாபைட்டுக்கு மேற்பட்ட சிப்புகளை முழுதாக அணுக, முகவரிக்கு 3 பைட் போதாது, 4 பைட் வேண்டும். லினக்ஸ் சில சிப்புகளை 4 பைட் முறைக்கு மாற்றிவிட்டுப் பயன்படுத்துகிறது. பல பூட்ராம்களுக்கு 3 பைட் முறை மட்டும்தான் தெரியும். ரீபூட்டில் சிப்புக்குத் தனி ரீசெட் கம்பி இல்லையென்றால் அது 4 பைட் முறையிலேயே நிற்கும், பூட்ராம் படிக்கப்போய் ஒன்றும் கிடைக்காமல் போர்டு செத்ததுபோல் கிடக்கும். அதனால்தான் அந்த டிரைவரின் ஷட்டவுன் ஃபங்ஷன் சிப்பைப் பழைய முறைக்கு மாற்றிவைத்துவிட்டுப் போகிறது. இங்கே ஷட்டவுனின் வேலைக்கு மின்சாரத்தோடு சம்பந்தமே இல்லை. அடுத்து வருபவர் பயன்படுத்தக்கூடிய நிலையில் விட்டுச் செல்வதுதான் வேலை.

சேமிப்புச் சாதனங்களில் இந்த வேறுபாடு நெறிமுறைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. போர்டிலேயே பொருத்தப்படும் சேமிப்பான ஈஎம்எம்சி சிப்புக்கு லினக்ஸ் சஸ்பெண்டில் ‘குறுகிய அணைப்பு’ என்றும், ஷட்டவுனில் ‘நீண்ட அணைப்பு’ என்றும் இரண்டு வேறு அறிவிப்புகள் தருகிறது. நீண்ட அணைப்பு என்றால் சிப் தன் உள்வேலைகளைச் சற்று நேரமெடுத்து முடித்துக்கொள்ளலாம். என்விஎம்இ எஸ்எஸ்டி-க்கும் ஷட்டவுன் அறிவிப்பு உண்டு, சாதனம் ‘முடித்துவிட்டேன்’ என்று பதில் தரும்வரை டிரைவர் காத்திருக்கும். அறிவிப்பு இல்லாமல் மின்சாரம் போனால் சாதனம் தன் நலனைக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில் ‘பாதுகாப்பற்ற ஷட்டவுன்’ என்ற எண்ணிக்கை ஏறும். அடுத்தமுறை எழும்போது சாதனம் தன் உள் அட்டவணைகளைச் சரிபார்த்து மீட்க வேண்டிவரலாம். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில், எழுதாமல் தேங்கியதை எழுதி, தலைகளை ஓரம்கட்டி, சுழற்சியை நிறுத்திய பிறகே மின்சாரம் போக வேண்டும். இல்லையென்றால் மோட்டார் சுழன்றுகொண்டிருக்கும் மிச்ச வேகத்தில் பிறக்கும் மின்சாரத்தை வைத்துத் தலைகளை அவசரமாக இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் அது ஒரு தேய்மானம். ரீபூட்டில் மட்டும் லினக்ஸ் டிஸ்க்கைச் சுழற்சி நிறுத்தாமல் விடுகிறது, நிறுத்தி உடனே ஓட்டுவதால் பயனில்லை.

சேமிப்புச் சாதனத்துக்கு டிரைவர் எழுதுகிறவர் சஸ்பெண்டை அப்படியே ஒட்டுவதை நான் ஏற்க மாட்டேன். அங்கே இழப்பது வாட் கணக்கு இல்லை, ஒருவருடைய தரவு.

தனியாக ஒரு சின்ன ஃபங்ஷன்

இன்றைய நிலையில் டிரைவர் எழுதுபவருக்கு நான் சொல்வது இதுதான். ஃபங்ஷன் சின்னதாக இருக்க வேண்டும். இன்டரப்டை (சாதனம் ப்ராசஸரைக் கூப்பிடும் சமிக்ஞையை) நிறுத்து, புதிய வேலை எதையும் ஏற்காதே, டிஎம்ஏ-வை நிறுத்து, தேங்கியதை எழுது. இவ்வளவும் எல்லா ஷட்டவுனுக்கும் பொது. அதன் பிறகு, கெர்னலின் சிஸ்டம் நிலை ‘பவர் ஆஃப்’ என்று இருந்தால் மட்டும், எழுப்பும் அமைப்பைப் பயனர் கேட்டபடி வைத்து, சாதனத்தை டி3-க்கு அனுப்பு. ரீபூட் என்றால் அந்தக் கடைசிப் படியைத் தொடாதே.

இன்டெல், ரியல்டெக் ஈதர்நெட் டிரைவர்களைத் திறந்து பார்த்தால் இதே அமைப்பு இருக்கும். அவர்களுக்கு இது கட்டாயம், ஏனென்றால் வேக்-ஆன்-லேன் (நெட்வொர்க் வழி எழுப்புவது) கேட்ட பயனருக்குச் சிப் டி3-இல் உறங்கிக்கொண்டே மேஜிக் பாக்கெட் என்ற எழுப்புச் செய்திக்காகக் காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும், கேட்காதவருக்குக் காதும் மூடியிருக்க வேண்டும். இரண்டாவதில் கோட்டைவிட்டால் இயந்திரம் நள்ளிரவில் தானாக எழும்.

தானாக எழும் தொல்லை யுஎஸ்பி-யிலும் வந்தது. இன்டெல் ஹாஸ்வெல் காலத்து இயந்திரங்கள் சிலவற்றில் அணைத்தவுடன் யுஎஸ்பி கட்டுப்படுத்தி போலியாக ஓர் எழுப்பு சமிக்ஞை தர, இயந்திரம் மறுபடி கிளம்பிவிடும். யுஎஸ்பி கட்டுப்படுத்திக்கான எக்ஸ்எச்சிஐ டிரைவரின் ஷட்டவுனில், அந்தக் குறிப்பிட்ட கட்டுப்படுத்திகளை மட்டும் டி3-க்கு அனுப்பும் ஒரு விலக்கு சேர்த்துச் சரிசெய்தார்கள்.

லேப்டாப் திரையும் இதில் சேரும். ஈடிபி என்ற இணைப்பில் இருக்கும் திரைப் பேனலை அணைத்தால் மறுபடி போடுவதற்கு முன் குறைந்தபட்ச இடைவெளி வேண்டும், சில நூறு மில்லிவினாடி. ரீபூட்டில் ஃபர்ம்வேர் அந்த இடைவெளியைப் பார்க்காமல் திரையைப் போட்டுவிடலாம் என்பதால், இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவர் ஷட்டவுனிலேயே காத்திருந்துவிட்டுப் போகிறது.

இந்த வழியின் குறை, ஒவ்வொரு டிரைவரும் தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்பது. ஒரு லேப்டாப்பில் பல டஜன் சாதனங்கள். ஒன்றே ஒன்று சரியாக உறங்காவிட்டாலும், அதை மற்ற பகுதிகளோடு இணைக்கும் மேல்நிலை பிசிஐ பிரிட்ஜும் உறங்க முடியாது. அப்புறம் மற்றவர்கள் ஒழுங்காக எழுதியதன் பலன் குறைந்துபோகும்.

எல்லோருக்கும் சேர்த்து ஒரே இடத்தில்

அதனால்தான், டிரைவர்களை நம்பாமல் பிசிஐ மையக் குறியீட்டிலேயே எல்லாச் சாதனங்களையும் டி3-க்கு அனுப்பிவிடலாம் என்ற யோசனை வருகிறது. பத்து வரியில் முடிகிற வேலை. ஆனால் பஸ் மாஸ்டர் பிட் கதை இங்கே அப்படியே பொருந்தும். சாதனத்துக்குள் என்ன நடக்கிறது என்று மையக் குறியீட்டுக்குத் தெரியாது. ஃபர்ம்வேரை நிறுத்தாமல் டி3-க்குத் தள்ளினால் சில சிப்புகள் குழம்பும். டி3-இலிருந்து எழுப்புவதற்கு ஏதும் ஏற்பாடு இல்லையென்றால் அடுத்த பூட்டில் ஃபர்ம்வேருக்குச் சாதனம் தென்படாமல் போகவும் வாய்ப்பு உண்டு. குறிப்பிட்ட இயந்திரத்தில் இதைப் போட்டு நன்றாக ஓடினால் மகிழ்ச்சிதான். உலகத்தில் உள்ள எல்லாப் பிசிஐ அட்டைகளுக்கும் போட நான் துணிய மாட்டேன்.

ஹைபர்னேட் பாதையில் அணைப்பது

எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் வழி இது. ஹைபர்னேட்டின் கடைசிக் கட்டத்தை எண்ணிப் பாருங்கள். நினைவகத்தின் படம் டிஸ்க்கில் எழுதியாயிற்று, இனி இயந்திரம் அணையப்போகிறது. அப்போது கெர்னல் ஒவ்வொரு டிரைவரின் பவர்ஆஃப் என்ற மின்மேலாண்மை ஃபங்ஷனையும் கூப்பிடுகிறது. அதன் பொருளே ‘மின்சாரம் போகப்போகிறது, தயாராகு’ என்பதுதான். தாமதக் கட்டம், இன்டரப்ட் இல்லாக் கட்டம் என்று படிப்படியாகப் போய், எந்தச் சாதனம் எழுப்ப வேண்டும் என்று கணக்கிட்டு, பிசிஐ பஸ்ஸே பொருத்தமான டி நிலையைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. சாதாரண ஷட்டவுனில் இல்லாத ஒழுங்கு எல்லாம் இங்கே ஏற்கெனவே இருக்கிறது. அப்படியிருக்க, சாதாரண பவர் ஆஃபுக்கும் இதே பாதையைப் பிடித்தால் என்ன? 2025-இல் கெர்னல் உருவாக்குநர்களிடையே இந்தக் கருத்தில் ஒட்டுத் தொடரே (குறியீட்டு மாற்றங்களின் தொகுப்பு) விவாதத்துக்கு வந்தது.

விண்டோஸில் அணைப்பது எப்போதும் ஒரு மின்நிலை மாற்றமாகவே நடத்தப்படுகிறது. டிரைவருக்கு மின்நிலைக் கோரிக்கை வரும், அது சாதனத்தை டி3-க்கு அனுப்பும். 2012-இல் விண்டோஸ் 8 கொண்டுவந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அதை இன்னும் ஒரு படி கொண்டுபோனது. அது இயங்கும் இயந்திரத்தில் ஷட்டவுன் கொடுத்தால் கெர்னல் பகுதி ஹைபர்னேட்தான் ஆகிறது. லேப்டாப் ஃபர்ம்வேர்கள் பெரும்பாலும் விண்டோஸை வைத்துச் சோதிக்கப்படுகின்றன. எல்லாச் சாதனமும் டி3-இல் வந்து சேரும் என்று அவை எதிர்பார்த்தால் அதில் வியப்பில்லை. லினக்ஸ் அந்த எதிர்பார்ப்போடு ஒத்துப்போவது பயனருக்கு நல்லது.

தயக்கங்களும் உண்டு, அவற்றை மறைக்க விரும்பவில்லை. பவர்ஆஃப் ஃபங்ஷன் பிழை மதிப்பைத் திருப்பி அனுப்பலாம், ஷட்டவுன் ஃபங்ஷனால் முடியாது. பாதியில் ஒருவர் ‘மாட்டேன்’ என்றால் எல்லோரையும் எழுப்பி, பழைய ஷட்டவுன் பாதைக்குத் திரும்ப வேண்டும். அந்தத் திரும்பும் வழி நன்றாகச் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். ‘அணை’ என்று சொன்ன இயந்திரம் அணையாமல் நிற்பது கசிவைவிட மோசம். அடுத்து, செக்யூர் பூட் போட்டு, கெர்னலை வெளியிலிருந்து மாற்றவிடாத லாக்டவுன் பாதுகாப்பு இயங்கும் இயந்திரங்களில் ஹைபர்னேட்டே தடுக்கப்பட்டிருக்கிறது, அதனால் பவர்ஆஃப் ஃபங்ஷன்கள் சஸ்பெண்ட் அளவுக்கு அடிபட்டுத் தேறியவை அல்ல. நல்ல வேளையாக, பெரும்பாலான டிரைவர்களில் எளிய மேக்ரோ ஒன்று சஸ்பெண்ட் ஃபங்ஷனையே பவர்ஆஃபுக்கும் வைத்துவிடுகிறது. மூன்றாவது, ஹைபர்னேட் வசதியைச் சேர்க்காமல் கட்டிய கெர்னலில் இந்த ஃபங்ஷன்களைக் கூப்பிடும் பாதையே இருக்காது. எம்பெடட் போர்டுகள் பலவற்றில் இதுதான் நிலை. ரீபூட்டுக்கும் கெக்செக்குக்கும் இந்தப் பாதை பொருந்தாது, அங்கே பழைய ஷட்டவுன்தான்.

எந்த இயந்திரத்துக்கு எது

லேப்டாப்புக்கு டிரைவர் எழுதினால் தனிச் சின்ன ஃபங்ஷனை எழுதுங்கள், கூடவே பவர்ஆஃப் ஃபங்ஷனையும் கவனமாக எழுதுங்கள். கெர்னல் எந்தப் பாதையைப் பிடித்தாலும் உங்கள் சாதனம் உறங்கும்.

சர்வரில் டி3 பற்றி நேரம் செலவழிக்க வேண்டாம். அங்கே அணைப்பது அரிது, ரீபூட்டும் கெக்செக்கும்தான் அன்றாடம். டிஎம்ஏ-வை நிறுத்துவதும் வேகமாக முடிப்பதும் போதும். பல என்விஎம்இ டிஸ்க்குகள் இருக்கும் இயந்திரத்தில் ஒவ்வொன்றும் ஒன்றன்பின் ஒன்றாகச் சில வினாடி எடுத்தால் மொத்த நேரம் கணிசமாகிவிடும்.

பேட்டரியில் ஓடும் சிறு போர்டுகள்தான் உண்மையில் கடினம். அங்கே ஏசிபிஐ இல்லை, வரிகளை வெட்ட மதர்போர்டுக்காரர் எழுதிய ஃபர்ம்வேரும் பெரும்பாலும் இல்லை. போர்டின் மின்சாரத்தை நிர்வகிக்கும் பிஎம்ஐசி சிப்புக்கு ‘அணை’ என்று சொன்னால் அது எந்த ரெகுலேட்டர்களை (குறித்த மின்னழுத்தம் தரும் பகுதிகளை) அணைக்கும், எவற்றை விட்டுவைக்கும் என்பது சர்க்யூட் வரைபடத்தில்தான் இருக்கிறது. போர்டின் வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் ‘எப்போதும் இயங்கும்’ என்று குறித்த ரெகுலேட்டரைக் கெர்னல் தொடாது. ராஸ்பெர்ரி பை 5 இதற்கு எல்லோரும் பார்க்கக்கூடிய எடுத்துக்காட்டு. இயல்பு அமைப்பில், ஷட்டவுன் செய்த பிறகும் அது ஒரு வாட்டுக்கு மேல் எடுத்துக்கொண்டிருக்கும். பூட்லோடர் அமைப்பில் ‘ஹால்ட் ஆனால் பவர் ஆஃப்’ என்பதை 1 ஆக்கி, ஜிபிஐஓ (போர்டின் பொதுப் பயன்பாட்டுக் கால்கள்) வழி எழுப்புவதை 0 ஆக்கினால் பிஎம்ஐசி தன் வெளியீடுகள் அனைத்தையும் நிறுத்துகிறது, செலவு மிகச் சின்னதாகிவிடுகிறது. ஆனால் 5 வோல்ட் வரி அப்போதும் உயிரோடு இருக்கும், 3.3 வோல்ட் மட்டும் போயிருக்கும். மேலே பொருத்திய சில ஹேட் போர்டுகள் இந்த அரைகுறை நிலையைத் தாங்காது.

அந்த அரைகுறை நிலை ஆபத்தானது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு சிப்பின் மின்வரி போய், அதன் உள்ளீட்டுக் கால்களில் மட்டும் வேறொரு சிப் மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டிருந்தால், மின்சாரம் அந்தக் கால்களின் பாதுகாப்பு டையோடு வழியாகப் பின்வாசலில் நுழையும். சிப் அணைந்ததும் இல்லை, இயங்குவதும் இல்லை. அடுத்தமுறை போடும்போது அது சரியாக ரீசெட் ஆகாது, நாளாவட்டத்தில் பழுதாகவும் கூடும். அதனால் போர்டுகளில் ஷட்டவுன் ஃபங்ஷனின் வேலைகளில் ஒன்று, தன் சாதனம் வெளியே செலுத்தும் கால்களைத் தாழ்த்திவைப்பது. ரெகுலேட்டரை அணைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும், பின்னால் இல்லை. இதை டிரைவர்காரரும் ஹார்ட்வேர்காரரும் ஒரே மேஜையில் வரைபடத்தை விரித்துவைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

முடிவெடுக்கும் முன் அளந்து பாருங்கள்

லேப்டாப்பில் தனிக் கருவி தேவையில்லை. வெளிச் சாதனங்களைக் கழற்றி, சார்ஜரை எடுத்துவிட்டு, பேட்டரியின் மிச்ச வாட்-மணி அளவைக் குறித்துக்கொண்டு அணையுங்கள். 10 மணி நேரமாவது கழித்துப் போட்டுப் பாருங்கள். 5 வாட்-மணி குறைந்திருந்தால் அரை வாட் கசிவு. பூட் ஆவதற்கே கொஞ்சம் செலவாகும் என்பதால் குறைந்த நேரம் வைத்து அளந்தால் ஏமாற்றும்.

அடுத்து, லினக்ஸைத் தொடாமலே ஓர் ஒப்பீடு எடுங்கள். இயந்திரத்தைப் போட்டு, பயாஸ் அமைப்புத் திரைக்குப் போய், அங்கிருந்தபடியே பவர் பட்டனால் அணைத்து, அதே 10 மணி நேரம் விடுங்கள். இதில் கசிவு மிகக் குறைவு, லினக்ஸிலிருந்து அணைக்கும்போது மட்டும் அதிகம் என்றால், ஏதோ ஒரு டிரைவர் சாதனத்தை விழிப்பில் விட்டுப் போகிறது. ஒவ்வொரு டிரைவர் மாட்யூலாக அணைப்பதற்கு முன் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். இரண்டிலும் கசிவு ஒரே அளவு என்றால் டிரைவரில் தேடிப் பயனில்லை. அது ஃபர்ம்வேரும் போர்டும் செய்யும் செலவு. யுஎஸ்பி சார்ஜிங், வேக்-ஆன்-லேன் ஆகியவற்றை பயாஸில் நிறுத்திப் பாருங்கள். டெஸ்க்டாப் என்றால் எர்ப் அமைப்பைப் போடலாம், ஆனால் அதைப் போட்டால் பெரும்பாலான போர்டுகளில் நெட்வொர்க் வழி எழுப்புவதும் கீபோர்டு வழி எழுப்புவதும் போய்விடும். வீட்டிலிருந்து அலுவலகக் கணினியை எழுப்பிப் பயன்படுத்துகிறவர் அதைப் போடக்கூடாது.